இன்னொரு சர்டிஃபிகேட் வேண்டாம்: பாலஸ்தீனப் பட்டதாரிகளுக்கு வேலை தேடிய கதை

பாலஸ்தீனப் பட்டதாரிகளின் ரெஸ்யூமேக்களைத் திருத்த உட்கார்ந்தபோது முதலில் கண்ணை உறுத்தியது அவற்றின் நீளம். படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணுக்கு மூன்று பக்கம். தலைமைப் பண்புப் பயிற்சி, நேர மேலாண்மைப் பயிற்சி, தொழில்முனைவோர் பயிற்சி, மறுபடியும் தலைமைப் பண்பு, இந்த முறை வேறொரு நாட்டின் நிதியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்டிஃபிகேட். 'வேலை அனுபவம்' என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் இரண்டு வரி.

எனக்குத் தொழிலே ஆள் எடுப்பதுதான். கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனிக்காகக் கேம்பஸ் இன்டர்வியூ நடத்தக் கல்லூரி கல்லூரியாக அலைந்தவள். 2018-இல் கணவருக்குப் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள ரமல்லா நகரில் ஓர் உதவி அமைப்பில் வேலை கிடைத்து அங்கே குடிபோனோம். என் விசாவில் நான் வேலை பார்க்க முடியாது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெரிந்தவர்கள் மூலமாக வந்த பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே பார்ப்பது, மாதிரி இன்டர்வியூ நடத்துவது என்று ஆரம்பித்தேன். 2021-இல் ஊர் திரும்பிய பிறகும் அது வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது நான் இருக்கும் கம்பெனியிலும் அங்கிருந்து சிலருக்கு வேலை கொடுக்கிறோம். எது பயன்பட்டது, எது படவில்லை என்று எழுதிவைக்கிறேன். வேலை தேடுபவர்களைவிட, ஆள் எடுக்கும் நாற்காலியில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்று தோன்றுகிறது. யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை.

அங்கே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பல்லவி கேட்கும்: படிப்புக்கும் சந்தைக்கும் பொருந்தவில்லை, இளைஞர்களிடம் திறன் போதவில்லை. ஓரளவு உண்மைதான். ஆய்வுக்கூடத்தைவிடக் கரும்பலகையில் அதிக நேரம் போகும் பொறியியல் வகுப்புகளை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் நோய் அது இல்லை. வேலையே இல்லை. பாலஸ்தீன மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி, 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கும் முன்பே, 2022-இல், 19 முதல் 29 வயது வரையிலான பட்டதாரிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை இல்லை. பெண்களில் இது இன்னும் அதிகம். அதே ஆண்டில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் மேற்குக் கரையில் வேலையின்மை சுமார் 13 சதவீதம், காஸாவில் சுமார் 45.

காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மேற்குக் கரை நிலத்தில் சுமார் 60 சதவீதம், 1995 ஒப்பந்தத்தில் 'சி' பகுதி என்று குறிக்கப்பட்டு முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு ஷெட் போடுவதற்குக்கூட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. சரக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் இஸ்ரேல் கட்டுப்படுத்தும் எல்லைகள் வழியாகத்தான். மேற்குக் கரைக்கு 3ஜி அலைக்கற்றையே 2018 ஜனவரியில்தான் கிடைத்தது. நாங்கள் போய் இறங்கிய வருடம் அது. உலகம் 5ஜி பேசிக்கொண்டிருந்தபோது அங்கே ஆப் எழுதக் கற்ற பிள்ளைகள், தங்கள் ஊர்த் தெருவில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கம்பெனிகள் பெரிதாக வளராது. பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடத்தும் குடும்ப நிறுவனங்கள்தான் அதிகம். பல்கலைக்கழகங்களில் வேலைவாய்ப்பு நாள் நடக்கும், வங்கியும் டெலிகாம் கம்பெனியும் ஸ்டால் போடும், பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒரே நாளில் நூறு ஆஃபர் லெட்டர் கொடுத்துப் பழகிய எனக்கு, அந்த ஸ்டால்களில் பேனாவும் பையும் மட்டுமே விநியோகம் ஆவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வேலையை உருவாக்குவது கடினம், பயிற்சி கொடுப்பது சுலபம். நிதி கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்டவும் வசதி: இத்தனை பேருக்குப் பயிற்சி, அதில் இத்தனை பெண்கள், இதோ குரூப் போட்டோ. அதனால்தான் அந்த மூன்று பக்க ரெஸ்யூமே.

ஒரு ரெஸ்யூமேயை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். நாப்லுஸ் பக்கத்துக் கிராமத்துப் பெண், மின் பொறியியல். பட்டறைகள் எல்லாம் பட்டியலில் இருந்தன. இறுதியாண்டு புராஜெக்ட் பற்றி ஒரு வரி, அதுவும் தலைப்பு மட்டும். என்ன செய்தாய் என்று கேட்டேன். பெரியப்பாவின் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் மோட்டாரைச் சோலார் பேனலில் ஓட்டுவதற்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தாளாம். மேகம் வந்தால் மோட்டார் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்கினால் நின்றுவிடும். ஒரு கோடை முழுக்க ஓடியிருக்கிறது. "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அதற்கு சர்டிஃபிகேட் தரவில்லையே, மிஸ்" என்றாள். பட்டறைகள் அத்தனையையும் தூக்கிவிட்டு, அந்தப் பெட்டியின் போட்டோ, சர்க்யூட் படம், எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே பழுதானது, அதை எப்படிச் சரிசெய்தாள் என்று ஒரே பக்கத்தில் எழுதவைத்தேன். மேற்குக் கரையில் கூரைக்குக் கூரை சோலார் ஏறிக்கொண்டிருந்த நேரம். நிறுவும் தொழில் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் முதல் வேலை.

ஆகவே, செய்த பொருளைக் காட்டுங்கள். புரோகிராம் எழுதியிருந்தால் அதன் லிங்க், மொழிபெயர்த்திருந்தால் மூலத்தோடு இரண்டு பக்கம், கணக்குப் படித்தவர் சித்தப்பா கடையின் வரவுசெலவை எக்ஸெலில் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த ஷீட். கம்பெனி கொடுத்தால்தான் அனுபவம் என்று காத்திருந்தால், கம்பெனிகளே குறைவாக உள்ள ஊரில் வயது போய்விடும்.

அடுத்தது ரோடு. இதை நேரில் பார்க்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஹெப்ரோனிலிருந்து ரமல்லாவுக்கு நேர்வழி ஜெருசலேம் ஊடாக. மேற்குக் கரை அடையாள அட்டை வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமல் அதில் போக முடியாது. கிழக்கே சுற்றி, வாதி அன்-நார் என்ற செங்குத்தான மலைப்பாதையில் இறங்கி ஏறி, நடுவில் 'கன்டெய்னர்' என்று எல்லோரும் சொல்லும் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். திறந்திருந்தால் ஒன்றரை மணி நேரம். மூடிவிட்டால் அவ்வளவுதான். ஷேர் வேனில் ஏறும் முன் டெலிகிராம் குழுவில் எந்தச் சாவடி நெரிசல், எது திறப்பு என்று பார்ப்பது, நாம் மழைக்குக் குடை எடுப்பது மாதிரிப் பழக்கமாகிவிட்டது. 2023 அக்டோபருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். ஊர் வாசல்களில் புதுப்புது இரும்புக் கேட்டுகள். மேற்குக் கரையில் இப்படிச் சாவடி, கேட், மண்மேடு என்று வழிமறிப்பவை 800-க்கும் மேல் என்று 2025 தொடக்கத்தில் ஐ.நா. மனிதாபிமான விவகார அலுவலகம் எண்ணியது.

ஹெப்ரோன் பையன் ஒருவனுக்கு ரமல்லாவில் காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. முந்தின நாளே போய் மாமா மகன் அறையில் தங்கச் சொன்னேன். போனான், வேலையும் கிடைத்தது. மாதம் 2,300 ஷேகல், அங்கே புழங்கும் இஸ்ரேலியப் பணம். குறைந்தபட்சக் கூலி 2022 முதல் 1,880 என்பதால் அது மோசமில்லை என்று பார்த்தவுடன் தோன்றும். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டோம். வேனில் போக வர ஐம்பது ஷேகலுக்குக் குறையாது. இருபத்திரண்டு நாளுக்கு 1,100. மதியச் சாப்பாட்டையும் கழித்தால் கையில் நிற்பது ஆயிரம்கூட இல்லை. ரமல்லாவில் அறை எடுத்தாலும் அதே கதை. அவனுக்கு நான் சொன்னது: வேலையை மறுக்காதே, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்க அனுமதி கேள், கேட்கும்போது இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோ. கொடுத்தார்கள். சம்பளத்தைக் கூட்டச் சொல்வதைவிட இது முதலாளிக்குச் சுலபம்.

சாலையால் தாமதமாக வந்தவரை 'நேரம் தவறுபவர்' என்று குறித்த படிவங்களை அங்கேயே பார்த்தேன், வெளிநாட்டு நிறுவனங்களிலும் பார்த்தேன். பிள்ளைகளிடம் நான் சொல்வது, இன்டர்வியூ நேரம் கேட்டால் முற்பகல் பதினொன்றுக்கு மேல் கேளுங்கள், புறப்படும்போதே ஒரு மெசேஜ் போடுங்கள், மாட்டிக்கொண்டால் வேனிலிருந்தே போனில் பேசத் தயார் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். கெஞ்சும் தொனி வேண்டாம். ரோட்டுக்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அம்மாக்களுக்கு அங்கேயும் அரசாங்க வேலைதான் கனவு. ஆசிரியர் தேர்வுக்கு ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள், இடம் சொற்பம். அந்தச் சம்பளமும் உறுதியில்லை. பாலஸ்தீன அரசுக்காக இஸ்ரேல் வசூலிக்கும் வரிப்பணம் பிடித்தம் போக வருவதாலோ, வராமலே நிற்பதாலோ, 2021 கடைசியிலிருந்து அரசு ஊழியர்கள் முழுச் சம்பளம் பார்க்கவில்லை. 2023 தொடக்கத்தில் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருந்தும் தேர்வுக்குக் கூட்டம் குறையவில்லை. பாதிச் சம்பளமானாலும் அது சம்பளம் அல்லவா.

இன்னொரு பக்கம் இஸ்ரேலுக்குள் கட்டட வேலை. கூலி மேற்குக் கரையைப் போல இரண்டு மடங்கு. அண்ணன் சாரத்தில் ஏறிச் சம்பாதிப்பதில் பாதிகூடத் தம்பியின் பொறியியல் பட்டத்துக்குக் கிடைக்காது. கணக்கியல் படித்துவிட்டு டைல்ஸ் ஒட்டப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. அவர்களைப் பார்த்து, படிப்பை வீணாக்கிவிட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வருமானத்தில்தான் தங்கை படித்தாள். 2023 அக்டோபரில் அனுமதிகள் நிறுத்தப்பட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வாசல் ஒரே அடியில் அடைத்தது. அவர்களும் ஊர்ச் சந்தைக்கே திரும்பி வேலை தேட, புதுப் பட்டதாரிக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடமும் போயிற்று.

வாஸ்தா என்று சொல்வார்கள், நம் சிபாரிசுதான். எல்லோரும் திட்டுவார்கள், எல்லோரும் தேடுவார்கள். அதைப் பற்றிப் பாடம் எடுக்கும் தகுதி நம் ஊர்க்காரர்களுக்கு இல்லை. நான் சொல்லிப் பார்த்ததில் ஒன்று வேலை செய்தது: மாமாவிடம் "எனக்கு வேலை வாங்கிக் கொடு" என்று கேட்காமல், "எங்கே ஆள் தேவைப்படுகிறது என்று மட்டும் காதில் போடு" என்று கேட்பது. காலியிடங்கள் விளம்பரத்துக்கு வரும் முன்பே நிரம்பும் ஊரில், செய்தி முதலில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மாமாவுக்கும் கடன்பட்ட சுமை இல்லை.

பெண்களின் கதை தனி. பல்கலைக்கழகங்களில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள். வேலைச் சந்தைக்குள் இருக்கும் பெண்களோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கலாசாரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் பேசிய அப்பாக்களில் பலர் கடன் வாங்கி மகளைப் படிக்கவைத்தவர்கள். அவர்கள் பயந்தது இருட்டிய பிறகு சாவடியில் நிற்கும் வேனைப் பற்றி. மழலையர் பள்ளியிலும் டாக்டர் கிளினிக் வரவேற்பிலும் குறைந்தபட்சக் கூலியில் பாதிக்கு வேலை வாங்குவதைப் பற்றியும்தான். இவர்களுக்கு 'அதிகாரமளித்தல்' பட்டறை நடத்திய ஓர் அமைப்பு, கூட்டம் முடிந்து வீடு போய்ச்சேர வண்டி ஏற்பாடு செய்ய மறந்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலை இவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. அதற்குத் தேவை மடிக்கணினி, நல்ல இன்டர்நெட், பணம் வந்துசேரும் வழி.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் பலரும் விழுகிறார்கள். மேற்குக் கரையிலும் காஸாவிலும் பாலஸ்தீனர்களுக்கு, இணையத்தில் பணம் அனுப்பவும் வாங்கவும் உதவும் பேபால் சேவை கிடையாது. அதே மேற்குக் கரைக் குடியேற்றங்களில் வாழும் இஸ்ரேலியர்களுக்கு உண்டு. 2016-இல் பாலஸ்தீன நிறுவனங்கள் பல சேர்ந்து திறந்த கடிதம் எழுதியும் மாறவில்லை. சில தளங்களின் நாட்டுப் பட்டியலில் பாலஸ்தீனம் இருக்காது, சிலவற்றில் பாலஸ்தீனத்தின் +970 எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி போகாது. ஆகவே வேலை பிடிப்பதற்கு முன்பே பணம் வரும் வழியைச் சோதியுங்கள் என்பது என் முதல் பாடம். உள்ளூர் வங்கிக் கணக்குக்கு நேரடிப் பரிமாற்றம் பெரும்பாலும் வரும், கமிஷன்தான் கடிக்கும். முதல் தவணையைச் சிறிதாக அனுப்பச் சொல்லி, எத்தனை நாளில் எவ்வளவு கழிந்து வந்தது என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கிலோ வெளிநாட்டு உறவினர் கணக்கிலோ வாங்கும் குறுக்குவழி ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கணக்கை முடக்கும்.

காஸாவில் ஃப்ரீலான்ஸ் வேலை வெறும் வசதி அல்ல, வெளியே போக முடியாதவர்களுக்கு இருந்த ஒரே ஏற்றுமதி. 2011-இல் கூகுள் ஆதரவோடு மெர்ஸி கோர் என்ற உதவி அமைப்பு தொடங்கிய 'காஸா ஸ்கை கீக்ஸ்' மாதிரி இடங்களில் பயின்ற பலர் வலைதளம், டிசைன், மொழிபெயர்ப்பு என்று பிழைத்தார்கள். எட்டு மணி நேரம் கரண்ட், எட்டு மணி நேரம் இல்லை என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் பைல் அனுப்புவார்கள். எங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த பெண் ஒருத்தி, ஆங்கில இலக்கியப் பட்டதாரி, ஒரு தடவைகூடக் கெடு தவறியதில்லை. 2023 அக்டோபரில் ஒரு வேலை பாதியில் நின்றது. வாரக்கணக்கில் சத்தமே இல்லை. பிறகு ஒரு மெசேஜ். தெற்கே கூடாரத்தில் இருக்கிறோம், அந்தக் கடைசி நாலு பக்கத்தை வேறு யாராவது முடித்துவிட்டார்களா என்று கேட்டிருந்தாள். முடித்திருந்தார்கள். முடிக்கவில்லை என்று சொல்லி அவளிடமே கொடுத்தேன்.

காஸாவின் பல்கலைக்கழகங்கள் எல்லாமே இடிந்தோ சேதமடைந்தோ கிடக்கின்றன. 2024-இல் தவ்ஜிஹி என்ற பள்ளி இறுதித் தேர்வையே அங்கே நடத்த முடியவில்லை. சோலார் பேனல் வைத்துச் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் இடங்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இன்டர்நெட் வாங்கி வேலை செய்கிறார்கள். கணக்கில் ஏறிய பணத்தை நோட்டாக மாற்ற, தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த மாதங்களில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கமிஷன் போயிற்று. அவர்களுக்குப் பேசிய சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு என்பதை விலை பேசும்போது மனதில் வையுங்கள்.

நாங்கள் ஆள் எடுக்கும் முறையை இதற்கேற்ப மாற்றினோம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மணிக்கணக்குப் பார்க்கும் மென்பொருளை விட்டோம். கரண்ட் போனால் அது ஆளைச் சோம்பேறி என்று காட்டும். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, துண்டு முடிந்ததும் பணம். எங்கள் உண்மையான கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் அவர்கள் கெடு. வீடியோ இன்டர்வியூவுக்குப் பதில் எழுத்தில் கேள்வி, ஒரு நாள் அவகாசம், கூடவே சின்னச் சோதனை வேலை, அதற்கும் காசு. இலவசச் சோதனை வேலை கேட்பது எங்குமே அநியாயம், அங்கே கொடுமை. பட்டச் சான்றிதழின் அசல் கேட்பதில்லை. பிள்ளைகளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்: மதிப்பெண் பட்டியல், பட்டம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் ஏற்றிவையுங்கள், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும்.

ரெஸ்யூமேயில் மூன்று மாத வேலை, ஆறு மாத இடைவெளி, மறுபடி நான்கு மாதம் என்று இருந்தால் நம் ஊர்க் கண்ணில் நிலையில்லாத ஆள் என்று படும். அங்கே அது நிதி உதவித் திட்டங்களின் தற்காலிக வேலை, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டிய இரண்டு ஆண்டுப் பயிற்சியும் பெரும்பாலும் கைக்காசில்லாமல் ஓடுவதுதான். இடைவெளியைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த நான்கு மாதத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

இங்கே இருந்துகொண்டு அங்கே ஆள் எடுக்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டியது நிதித் துறைக்கு. உங்கள் வெண்டர் பதிவுப் படிவத்தில் நாடுகள் பட்டியலைத் திறந்து பாலஸ்தீனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். வங்கி கூடுதல் கேள்வி கேட்கும்: என்ன சேவை, யாருக்கு, எதற்கு என்று. ஒப்பந்தம், இன்வாய்ஸ், செய்த வேலையின் மாதிரி மூன்றையும் ஒரே பைலில் வைத்துக்கொடுத்தால் இரண்டாவது தடவை அவ்வளவு கேட்பதில்லை. எங்களுக்கு இதெல்லாம் சரியாவதற்கு வாரக்கணக்கில் இழுத்தது. அதனால் ஆளைத் தேடுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். தேர்வு செய்துவிட்டு, "பணம் அனுப்பத்தான் வழியில்லை" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அதை அவர்கள் ஏற்கெனவே பலரிடம் கேட்டிருக்கிறார்கள்.